தெற்குக்குக் கைதட்டிய சனிக்கிழமை

1

அமெரிக்க உள்நாட்டுப் போர் ஓர் ஏப்ரலில் தொடங்கி, நான்கு வருடம் கழித்து இன்னோர் ஏப்ரலில் முடிந்தது. அம்மாவும் நானும் தங்கை மதுராவும் ஒஸ்லோவில் வந்து இறங்கியதும் ஓர் ஏப்ரலில்தான். இந்த ஏப்ரலோடு பன்னிரண்டு வருடம். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது என்று நீங்கள் சொல்வீர்கள். போன மாதம் வரை நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

வந்தபோது எனக்குப் பதினைந்து வயது, மதுராவுக்கு நாலு. அவள் பிறந்து சில மாதங்களில் அப்பா நோர்வேக்கு வெளிக்கிட்டவர். விமான நிலையத்தில் தன்னைத் தூக்கிய ஆளை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. ஒஸ்லோவின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் இருந்த வீட்டுக்கு வரும்வரை வீரிட்டு அழுதாள். இப்போது அவளுக்குப் பதினாறு. என்னுடைய நோர்வேஜிய உச்சரிப்பைத் திருத்துகிறாள். அப்பா தமிழில் கேட்பார், அவள் நோர்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். இருவருக்கும் விளங்கிவிடும் என்பதால் வீட்டில் யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். துரொண்ட்ஹெய்முக்குப் பொறியியல் படிக்கப் போய், இரண்டாம் வருடத்தில் அதை விட்டுவிட்டு வரலாற்றுக்கு மாறியவள் நான். எங்கள் ஆட்களிடையே இது வீட்டை விட்டு ஓடிப்போவதைவிடச் சற்றுத்தான் குறைந்த குற்றம். இப்போது பாடசாலைகளில் லீவில் போகிற ஆசிரியர்களுக்குப் பதிலாகப் படிப்பிக்கிறேன். திங்கள் ஒரு பள்ளி, வியாழன் இன்னொன்று.

பொறியியலைக் கெடுத்தது ஒரு கடிதத் தொகுப்பு. பரீட்சைக்குப் படிக்க நூலகத்துக்குப் போனவள் தவறான அலுமாரிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். விஸ்கொன்சின் மாநிலத்தில் குடியேறிய நோர்வே உழவர்களின் பிள்ளைகள், அந்தப் போரில் வடக்கின் பக்கம் தனிப் படையணியாகவே போனவர்கள், வீட்டுக்கு எழுதிய கடிதங்கள். அடிமைகளை விடுவிக்கப் போனவர்கள் நெருப்பாக எழுதியிருப்பார்கள் என்று பார்த்தேன். பெரும்பாலானவற்றில் இருந்தது பிஸ்கற்றின் கடினமும் நனைந்த சப்பாத்தும் வயிற்றோட்டமும்தான். எனக்கு அப்பாவின் தொலைபேசி அழைப்புகள் நினைவுக்கு வந்தன. நாலு வருடமாக அவர் ஒஸ்லோவிலிருந்து எடுத்து, "கோழிக்கூடு பூட்டினீங்களோ?" என்றுதான் கேட்டார். எங்கே படுக்கிறார், என்ன சாப்பிடுகிறார் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று நான் பரீட்சைக்குப் படிக்கவில்லை. அதற்குப் பிறகும் படிக்கவில்லை.

2

இத்தனை வருடம் வாசித்ததைத் தமிழில் சொல்லிப் பார்க்கவேண்டும் என்று இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு வெறி பிடித்தது. ஒரு மண்டபம் வேண்டாம், நூலகத்தில் ஓர் அறை போதும். அங்கே போனால், ஒஸ்லோவில் ஓர் அறை எடுப்பதற்கு நீங்கள் ஒரு சங்கமாக இருக்கவேண்டும் என்பது தெரிந்தது.

"எந்தச் சங்கம்?" என்றார் அங்கிருந்த பெண்மணி. மிகவும் அன்பானவர்.

"சங்கம் இல்லை. நான் ஓர் ஆள்தான்."

அவர் படிவத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார். "அதற்கு இதில் பெட்டி இல்லையே" என்றார், உண்மையான கவலையோடு. சங்கத்தின் பெயர், பதிவு எண், தலைவர், செயலாளர், ஆண்டறிக்கை. இந்த நாட்டில் மூன்று பேர் சேர்ந்து காளான் பிடுங்கப் போனாலும் முதலில் தலைவரைத் தெரிவு செய்துவிட்டுத்தான் போவார்கள்.

கைகொடுத்தது அப்பாவின் காட்ஸ் கூட்டம். சனிக்கிழமைகளில் முன்னூற்றி நாலு விளையாடுகிற ஒன்பது பேர். வந்த நாட்டின் பழக்கத்தைப் பிடித்து, அவர்களும் முறையாகப் பதிந்து எண் வாங்கி வைத்திருந்தார்கள். அந்த விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: துரும்பை, மற்றச் சீட்டுகளை வெட்டுகிற சீட்டை, தெரிவு செய்தவர் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆடுவார், எது துரும்பு என்று அவருக்கு மட்டும்தான் தெரியும், ஆட்டத்தின் நடுவில் அது நிமிரும்போதுதான் மற்றவர்களுக்கு வெளிக்கும்.

கழகத்தின் பெயரில் அறை கிடைத்தது. அதனால் கழகமே என் சபையாகவும் வந்து உட்கார்ந்தது. இன்னும் சில குடும்பங்களும் வந்தன. கடைசி வரிசையில் மதுரா, அவளுக்குப் பக்கத்தில் பிந்தா. பிந்தாவின் பெற்றோர் காம்பியாவிலிருந்து வந்தவர்கள், எங்கள் கட்டிடத்தில் ஐந்தாம் மாடி. மதுராவும் அவளும் முதலாம் வகுப்பிலிருந்தே ஒன்று. "அடிமை முறை பற்றி அக்கா பேசப் போறா" என்று சொல்லி மதுராதான் அழைத்து வந்திருந்தாள். காதுக்குள் மொழிபெயர்த்துச் சொல்வதாக ஏற்பாடு.

3

தொடங்குவதற்கு முன்பே தேவன் மாமா கையை உயர்த்தினார். அப்பாவின் காட்ஸ் சோடி, வாய் சும்மா இருக்காத மனிதர்.

"பிள்ளை, அரை மணித்தியாலத்துக்குள்ளை போரை முடிச்சுப்போடு. பிறகு எங்களுக்கு ஆட்டம் கிடக்கு."

"நாலு வருசப் போர் மாமா."

"நாங்கள் முப்பது வருசத்தை ரெண்டு நிமிசத்திலை சொல்லுற ஆக்கள்."

சிரிப்பு அடங்கியதும் வரைபடத்தைப் போட்டேன். இங்கேதான் நான் பிழை விட்டேன், ஆனால் அப்போது அது எனக்குப் பெரிய சாமர்த்தியமாகத் தெரிந்தது. அடிமை முறைதான் அந்தப் போரின் வேர். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் சுவை போய்விடும், தேநீருக்குப் பிறகு போட்டு உடைப்போம் என்று ஒளித்து வைத்தேன். முதலில் போர்க்களம். எனக்குப் போர்க்களம் என்றால் உயிர்.

"தெற்கு மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போயின. தமக்கென்று தனிக்கொடி, தனி நாணயம், தனித் தலைநகர் வைத்துக்கொண்டன. வடக்கு, நாடு ஒன்றுதான், பிரிய விடமாட்டோம் என்றது."

அறையில் கதிரைகள் முன்னே நகரும் சத்தம் கேட்டது. என் பேச்சில் சபை கட்டுண்டுவிட்டது என்று நினைத்தேன்.

வடக்கிடம் ஆட்பலம், தொழிற்சாலை, ரயில் எல்லாம் கூட. தெற்கிடம் குறைவு. வடக்கின் கப்பல்கள் தெற்கின் துறைமுகங்களை மறித்தன. உப்பு இல்லை, மருந்து இல்லை. இதைச் சொல்லும்போது "பொருளாதாரத் தடை" என்ற சொல் தானாக என் வாயில் வந்தது. பாதை பூட்டியிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் சீனிக்கும் பால்மாவுக்கும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றவள் நான். அந்தச் சொல் எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. "இடப்பெயர்வு" என்றேன், "முன்னேறி வந்த படை" என்றேன். சின்ன வயதில் வானொலியில் கேட்டுப் பழகிய சொற்களையெல்லாம் எடுத்து அள்ளி வைத்தேன். ஒவ்வொரு சொல்லும் தனக்குத் தெரிந்த பக்கத்தில் போய் நின்றுகொண்டதை நான் கவனிக்கவில்லை.

பிறகு முதலாவது பெரிய சண்டை. தலைநகரத்துக் கனவான்கள் சாப்பாட்டுக் கூடைகளோடு வண்டி கட்டிப் போய்ப் புல்வெளியில் இருந்து வேடிக்கை பார்த்தார்கள், பின்னேரத்துக்குள் வெற்றி என்ற நினைப்பில். வெயில் சாயும் நேரம் வடக்குப் படை சிதறி ஓடிவந்தது. கூடைகளை விட்டுவிட்டுக் கனவான்களும் ஓடினார்கள்.

அறை வெடித்தது. "அடி விட்டிருக்கிறான் பார்!" என்று தேவன் மாமா மேசையில் அடித்தார். இலங்கையின் வடக்கில் பிறந்து, வடக்கின் பேரில் சத்தியம் செய்கிற மனிதர்கள் எல்லாரும் தெற்குக்குக் கைதட்டினார்கள். முதலில் தட்டியதும் கடைசிவரை தட்டியதும் அப்பா.

நானும் சிரித்தேன். அதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்புக்கு அர்த்தமில்லை.

கடைசி வரிசையில் நடந்ததை மதுரா பிறகு சொன்னாள். "யார் வென்றது?" என்று பிந்தா கேட்டிருக்கிறாள். "தெற்கு." "அடிமை வைத்திருந்தவர்கள்தானே தெற்கு?" "ஓம்." "அப்படியென்றால் யார் கைதட்டுகிறார்கள்?" பிந்தாவே எட்டிப் பார்த்திருக்கிறாள். அப்பாவைப் பிந்தாவுக்கு முதலாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

தேநீருக்குப் பிறகு என் துரும்பை எடுத்து நிமிர்த்தினேன். பருத்தித் தோட்டங்கள், ஏலம், சங்கிலி. "அட, அப்ப உவங்கள் கள்ளன்களே?" என்றார் தேவன் மாமா மெதுவாக. அப்பா திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். இரண்டு கதிரைகள் காலியாக இருந்தன.

4

வீட்டில் மதுரா கதவைப் பூட்டிக்கொண்டாள். சாப்பாட்டு மேசைக்கு வந்தபோது நோர்வேஜிய மொழியில் ஒரேயொரு வசனம் சொன்னாள்: "அப்பா அடிமை வைத்திருந்தவர்களின் ஆள்." பிறகு அப்பாவோடு எந்த மொழியிலும் கதைக்கவில்லை.

"தமிழிலை சொல்லு பிள்ளை" என்றார் அப்பா.

அவள் எழுந்து போனாள்.

மறுநாளே கோபம் போய்விடும் என்று நினைத்தோம். ஒரு கிழமை ஆனது. வயோதிபர் இல்லத்தில் வேலை முடிந்து வந்த அம்மா, "என்ன வீடு இது, சேட்டு எங்கை எண்டு கேக்கவும் நான்தானே தூது போகவேண்டிக் கிடக்கு" என்று சலித்துக்கொண்டார். எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. எங்கள் வீடு ஏழாம் மாடி. அப்பா பக்கத்து அம்மருட் பகுதியில் மாடிக்கட்டிடங்களைப் பராமரிக்கிற வேலை. நாள் முழுக்க ஏணியும் படியும்தான். முழங்கால் போய்க் கனகாலம். அந்த மனிதர் வேலை முடிந்து வந்து லிப்டில் ஏறாமல் படியால் ஏறிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியவரை நான் மறித்தேன்.

"ஏனப்பா?"

"லிப்டிலை அந்தப் பிள்ளை வந்தால்?"

"வந்தால் என்ன? எப்பவும் சொல்லுற மாதிரி ஹெய் சொல்லுங்கோ."

"என்னெண்டு சொல்லுறது? தன்ரை சனத்தை வித்தவனுக்குக் கைதட்டின கிழவன் எண்டுதானே அது என்னைப் பாக்கும்." படியில் உட்கார்ந்துவிட்டார். "நீயெல்லோ பிள்ளை செய்தனி. துரும்பைக் கவிட்டு வைச்சுப்போட்டு ஆட்டத்தைத் தொடங்கிட்டாய். நாங்கள் என்னத்தைக் கண்டம்? ஒருத்தன் பிரிஞ்சு போறன் எண்டுறான், பெரிய படை வந்து அடிக்குது. எங்களுக்கு வேறை ஆரைத் தெரியும்?"

"நீங்கள் பிழையில்லை எண்டு மதுராவுக்கு நான் சொல்லுறன்."

"பிழைதான்" என்றார் அப்பா. "என்னத்துக்குப் பிரிஞ்சவங்கள் எண்டு கேட்டிருக்க வேணும். கேக்காமலே தட்டிட்டன்." பிறகு எழுந்து மிச்ச நாலு மாடியையும் ஏறினார்.

5

இரண்டாம் தடவை பேசுவது என்று அந்தப் படியிலேயே முடிவெடுத்தேன். மன்னிப்புக் கேட்கிற கூட்டம் அல்ல. அதே போர், அதே அறை, அதே ஆட்கள். ஆனால் ஒழுங்கு வேறு.

பழைய குறிப்புகளை ஒருபக்கம் வைத்துவிட்டு, பிரிந்துபோன மாநிலங்கள் தாங்களே எழுதி வெளியிட்ட அறிவிப்புகளை எடுத்து வாசித்தேன். ஏன் பிரிகிறோம் என்று உலகத்துக்குச் சொல்ல எழுதியவை. சிலவற்றில் அடிமை முறை என்பது எங்கோ மூலையில் அல்ல, தொடக்கத்திலேயே காரணமாக நிற்கிறது. எந்த வெட்கமும் இல்லை. அவர்கள் துரும்பைக் கவிழ்க்கவே இல்லை. கவிழ்த்தவள் நான்தான். எதற்காக? ஒரு கதையைச் சுவையாகச் சொல்வதற்காக. ஏழு வருடம் வரலாறு படித்தவள் செய்கிற வேலையா இது?

சொற்களையும் மாற்றினேன். "பொருளாதாரத் தடை"யை எடுத்துவிட்டு "துறைமுக மறிப்பு" என்று போட்டேன். வெற்றுச் சொல்லாகத்தான் இருந்தது. இருக்கட்டும், அங்கே வரிசையில் நின்றது என் அம்மா அல்ல.

மதுரா வரமாட்டேன் என்றாள். "யார் வராவிட்டாலும் நான் பேசுவேன்" என்றேன். "நல்லது" என்று கதவைச் சாத்தினாள்.

பிந்தாவைக் கீழ்த்தளத்து உடுப்புத் தோய்க்கும் அறையில் பிடித்தேன். மன்னிப்பை நோர்வேஜிய மொழியில் மனப்பாடம் செய்துகொண்டு போனது முழுவதும் இயந்திரச் சத்தத்தில் மறந்துபோனது.

"அவர்கள் எங்கள் போரை நினைத்துக் கைதட்டினார்கள்" என்று மட்டும் சொன்னேன்.

அவள் ஈரச் சட்டையொன்றை உதறினாள். "தெரியும். மதுரா சொன்னாள். என் அப்பாவும் பழைய அரசர்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். அவர்கள் யாரைப் பிடித்து விற்றார்கள் என்று நான் இன்னும் கேட்கவில்லை." சட்டையைக் கூடையில் போட்டாள். "வருகிறேன். ஆனால் இந்த முறை முன்வரிசை."

அவள் வருகிறாள் என்று கேள்விப்பட்டதும் மதுராவும் வந்தே ஆகவேண்டியதாகிவிட்டது. யார் மொழிபெயர்ப்பது?

6

சனிக்கிழமை ஒன்பது பேரும் வந்தார்கள். தேவன் மாமா வாசலிலேயே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "இண்டைக்குத் தட்ட மாட்டன். நீ சொன்னாப் பிறகுதான்." அப்பா கடைசி வரிசையில், போன தடவை மதுரா இருந்த கதிரையில் போய் உட்கார்ந்தார். பிந்தாவும் மதுராவும் எனக்கு நேர் முன்னால்.

"இண்டைக்குத் துரும்பைத் திறந்து வைச்சுத்தான் ஆடப்போறன்" என்று தொடங்கினேன். வரைபடம் போடவில்லை. ஒரு சந்தையிலிருந்து தொடங்கினேன். தாய் ஒரு விலை, பிள்ளை ஒரு விலை. வாங்குகிறவர்கள் வேறு வேறு ஆட்கள் என்றால் தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். அது சட்டம். வாசிக்கப் பழக்குவதே பல மாநிலங்களில் குற்றம். தப்பி ஓடினால், ஓடிச் சேர்ந்த மாநிலமே பிடித்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும். இந்தச் சட்டம் எங்கே தங்கள் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில்தான் அந்த மாநிலங்கள் பிரிந்தன என்று சொல்லி, அவர்களுடைய அறிவிப்பின் பொருளைத் தமிழில் சொன்னேன். வடக்கையும் நான் வெள்ளையடிக்கவில்லை. அந்தப் பருத்தியில் அங்கேயும் ஆலைகள் ஓடின, அடிமைகளை விடுவிப்பது என்பது போரின் நடுவில்தான் வடக்கின் நோக்கமாக வந்தது, விடுதலை பெற்றவர்கள் பெருந்தொகையாக வடக்கின் படையில் சேர்ந்து தங்கள் கையாலேயே சண்டை பிடித்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன்.

மதுரா தலையைச் சாய்த்து ஓயாமல் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பிரிந்த மாநிலத்துக்கு வந்தேன். தென் கரோலினா. "அந்த மாநிலத்துச் சனத்தில் பாதிக்கும் மேல் அடிமைகள்" என்றேன்.

பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, நேராக. அப்பா.

"பிள்ளை, ஒரு கேள்வி. பிரிஞ்சு போவம் எண்டு முடிவெடுக்கேக்கை, அந்தப் பாதிச் சனத்தையும் கேட்டவங்களோ?"

எனக்குப் பதில் தெரியும். வாக்களித்தவர்கள் யார், மாநாட்டுக்குப் போனவர்கள் யார், எத்தனை தோட்ட முதலாளிகள், எல்லாம் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் எனக்கு முன்னால் இன்னொரு குரல் வந்தது.

"இல்லை அப்பா. ஒருத்தரும் கேக்கேல்லை."

மதுரா. தமிழில். முன்வரிசையிலிருந்து முழுதாகத் திரும்பி, அவருடைய முகத்தைப் பார்த்து.

அப்பா தலையாட்டினார். "அப்ப அது சனம் பிரிஞ்சதில்லை. முதலாளிமார் பிரிஞ்சது" என்றார். எழுந்து நின்று, "கேக்காமல் ஆரும் ஆருக்காகவும் முடிவெடுக்கக் கூடாது" என்று சொல்லி உட்கார்ந்தார்.

"இனி உவர் எங்களிட்டையும் உப்பிடிக் கேக்கப்போறார்" என்றார் தேவன் மாமா. சிரிப்பதற்காகத்தான் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்களில் யாரைக் கேட்காமல் எதையெல்லாம் முடிவெடுத்தோம் என்று அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒன்றிரண்டாவது தெரியும். தேவன் மாமா முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன கேட்டார்?" என்றாள் பிந்தா. மதுரா சொன்னாள். அப்பாவின் கேள்வியையும், தன் பதிலையும், அதன் பிறகு அவர் சொன்னதையும், ஒன்றும் விடாமல். பிந்தா திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"நல்ல கேள்வி" என்றாள். அவ்வளவு நோர்வேஜியம் அப்பாவுக்கு விளங்கும்.

முதலாவது பெரிய சண்டை வந்தபோது யாரும் தட்டவில்லை. ஓடிய கனவான்களின் கூடைகளைப் பற்றிச் சொன்னபோது மட்டும் பிந்தாதான் முதலில் சிரித்தாள். அன்று அரை மணித்தியாலத்தில் முடியவில்லை. ஆட்டமும் நடக்கவில்லை, சீட்டுக்கட்டு தேவன் மாமாவின் சட்டைப் பையிலேயே கிடந்தது. அறையைப் பூட்ட வந்த பெண்மணி எங்களைக் கலைத்துவிட வேண்டியிருந்தது. அடுத்த மாதத்துக்கும் அறை வேண்டும் என்று அவரிடமே படிவம் வாங்கினேன். அதே சங்கம், அதே பதிவு எண். நோக்கம் என்ற இடத்தில் "சீட்டு விளையாட்டு" என்று அச்சாகியிருந்ததற்குப் பக்கத்தில், "கேள்வி கேட்டல்" என்று அப்பா தன் கையால் எழுதிவிட்டார்.

கட்டிடத்துக்கு வந்தபோது அவர் பழக்கத்தில் படிப்பக்கம் திரும்பினார். லிப்டுக்குள் நின்ற பிந்தா சப்பாத்துக் காலை நீட்டிக் கதவை மறித்தாள்.

"அப்பா, வாங்கோவன்" என்றாள் மதுரா உள்ளே இருந்து. "உங்களுக்காகத்தான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா."

அப்பா ஏறினார். ஐந்தையும் ஏழையும் அவரே அழுத்தினார்.